இரண்டாவது எண்ணி

பதிவு 611
நாள் 203, காலை 8:10. அறை 3: 21 டிகிரி. அறை 6: 21 டிகிரி.

யூரோப்பா, பனியடி ஆய்வு நிலையம். பதிபவர்: சண்பகவல்லி, பராமரிப்புப் பொறியாளர்.

பம்பு வடிகட்டி மாற்றப்பட்டது. துளைக்கருவி ஓய்வில் இருக்கிறது. காற்று, மின்சாரம், தண்ணீர் எல்லாம் சீர். நிலையத்தில் நான்கு பேர். இன்று சமையல் முறை தவசியுடையது. உப்புமா. இரண்டு புகார்கள் வந்தன. இரண்டையும் அவனே தள்ளுபடி செய்துவிட்டான்.

அறைகள் ஒன்பதும் பனிக்குள் ஒரே வரிசையில் இருக்கின்றன. மூன்று, நாங்கள் தங்கும் அறை. ஆறு, பம்பும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் உள்ள அறை. இந்தப் பதிவேடு அந்தப் பெட்டிக்குள்தான் சேர்கிறது. யார் எப்போது எடுத்துப் படித்தாலும் விளங்க வேண்டும் என்பது விதி. விளங்கும்படி எழுதுகிறேன்.

பதிவு 612
நாள் 203, பகல் 1:35. அறை 3: 16. அறை 6: 19.

பனி நடுக்கம், முற்பகல் 11:50க்கு. அணு உலையிலிருந்து வரும் வெந்நீர்க் குழாய் உடைந்தது. தண்ணீர் நடைபாதையை நிரப்பி அங்கேயே உறைந்துவிட்டது. என் கதவுக்கு அப்பால் இப்போது பனிச்சுவர். அவர்கள் கதவுக்கு அப்பாலும் அதுதான்.

நான் ஆறாம் அறையில் இருக்கிறேன். மற்ற மூவரும் மூன்றாம் அறையில்: பனியியலாளர் ஆவுடையப்பன், மருத்துவர் ஜெசிந்தா, துளைப்பாளர் தவசி. அலமாரி சரிந்து விழுந்ததில் தவசியின் தொடை எலும்பு முறிந்திருக்கிறது. இரு அறைகளுக்கும் இடையே பேசிக்கொள்ளத் தொலைபேசிக் கம்பி மட்டும் பிழைத்தது.

காற்று தனிக் குழாயில் வருகிறது. மின்சாரம் உண்டு. வெந்நீர் போனால் ‘குளிர்காப்பு’ என்ற நிரல் தானாக ஓடத் தொடங்கும். அறைக்கு நான்கு மின் ஹீட்டர்கள். நிரல் ஒவ்வொரு அறையாகப் போய் ஒவ்வொரு ஹீட்டரையும் எழுப்ப வேண்டும். எழுப்பிய ஹீட்டர் அரை மணி நேரம் எரியும். மறுபடி எழுப்பாவிட்டால் அணைந்துவிடும். தீ விபத்துக்குப் பயந்து அப்படி வைத்திருக்கிறார்கள்.

நிரல் ஓடத் தொடங்கிவிட்டது. ஒழுங்காக நடக்கிறது.

பதிவு 613
நாள் 203, மாலை 4:20. அறை 3: 7. அறை 6: 21.

ஒழுங்காக நடக்கவில்லை.

ஜெசிந்தா, தொலைபேசியில்: “அக்கா, இங்க ஒரு ஹீட்டர்கூட எரியல. தவசிக்கு ஒடம்பு நடுங்குது. நடுங்குனா எலும்பு அசையும், அசைஞ்சா ரத்தம் கசியும். என்னான்னு பாருங்க.”

பார்த்தேன். என் அறையின் நான்கு ஹீட்டர் விளக்குகளும் சில விநாடிகளுக்கு ஒரு முறை மினுங்குகின்றன. நிரல் என் ஹீட்டர்களை எழுப்புகிறது. உடனே மறுபடி எழுப்புகிறது. முதல் அறையின் விளக்கு ஆரம்பத்தில் ஒரு முறை எரிந்ததாகப் பெட்டி காட்டுகிறது. மற்ற ஏழு அறைகளும் ஒரு முறைகூட எரியவில்லை. பழுது என்ற எச்சரிக்கையும் இல்லை. தன் வேலையைச் செய்துகொண்டிருப்பதாகத்தான் நிரல் நினைக்கிறது.

தலைமை நிலையத்துக்குச் செய்தி அனுப்பினேன். பூமிக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம். பதில் வர அதே அளவு.

பதிவு 614
நாள் 203, மாலை 5:30. அறை 3: 3. அறை 6: 21.

நிரலைத் திரையில் வரவழைத்துப் படித்தேன். நீளமானதல்ல. இதுதான் அதன் வயிறு:

எண்ணி, 1 முதல் 9 வரை: அந்த எண்ணுள்ள அறைக்குப் போ.
   எண்ணி, 1 முதல் அந்த அறையின் ஹீட்டர் எண்ணிக்கை வரை: அந்த ஹீட்டரை எழுப்பு.

எண்ணி என்பது எத்தனையாவது வரை வந்தோம் என்று நிரல் நினைவில் வைக்கும் எண். வெளிச் சுற்று அறைகளுக்கு. உள் சுற்று ஹீட்டர்களுக்கு. இரண்டும் எண்ணுவது ஒரே எண்ணியில்.

இது எப்படி நேர்ந்தது என்று எனக்குத் தெரியும். வியாழனின் கதிர்வீச்சு நினைவகத்தைக் கடித்துக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வோர் எண்ணையும் மூன்று இடங்களில் எழுதி வைத்து, இரண்டு எதைச் சொல்கிறதோ அதை நம்புகிறோம். ஒரு எண்ணுக்கு மூன்று இடம் என்றால் நினைவகம் தங்கம் போல ஆகிவிடுகிறது. ஆகவே எங்கள் நிரலாளர்களுக்கு ஒரு பழக்கம்: புதிய எண்ணி கேட்காதே, இருப்பதையே திரும்ப எடுத்துக்கொள். ஒரு சுற்று முடிந்தபின் அடுத்த சுற்று எடுத்துக்கொண்டால் தவறில்லை. இங்கே ஒருவர் ஓர் அறைக்கான சுற்றை எழுதியிருக்கிறார். இன்னொருவர் அதைச் சுற்றி ஒன்பது அறைக்கான சுற்றை எழுதியிருக்கிறார். இருவரும் சிக்கனமானவர்கள். பூமியில் சோதனைக்கு வைத்திருந்தது ஒரே ஓர் அறை. ஓர் அறையில் இது பிசகாமல் ஓடும்.

ஆவுடையப்பன் அண்ணாச்சி கேட்டார்: “ஏட்டி வல்லி, எனக்குப் பனியத் தவிர ஒண்ணும் தெரியாது. வெளங்குத மாதிரி சொல்லு.”

சொன்னேன்: “நவக்கிரகத்த ஒம்போது சுத்து சுத்துதீங்க அண்ணாச்சி. ஒவ்வொரு சுத்துலயும் நின்னு நாலு தடவ சாமி பேரச் சொல்லணும். சுத்தையும் பேரையும் ஒரே கை வெரல்ல எண்ணுதீங்க. மொத சுத்து. பேரு ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. வெரல் அஞ்சுக்குத் தாவுனதும் ‘சரி, நாலு முடிஞ்சிட்டு’ன்னு நிறுத்துதீங்க. அடுத்த சுத்துக்கு வெரல ஒண்ணு நவுத்துதீங்க. எங்க நிக்கும்?”

“ஆறுல.”

“ஆறாவது சுத்துன்னு நெனச்சு மறுபடி பேரு சொல்லுதீங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. வெரல் அஞ்சுல. நவுத்துனா?”

“ஆறு. அடப்பாவி, நடை சாத்துத வரைக்கும் ஆறாவது சுத்துதானா?”

“ஆமா. அந்த ஆறாவது அறையிலதான் நான் இருக்கேன்.”

பதிவு 615
நாள் 203, மாலை 6:40. அறை 3: 1. அறை 6: 20.

தலைமை நிலையத்தின் பதில், பணி அதிகாரி குலோத்துங்கன் வாசித்தது: “குளிர்காப்பு நிரல் முறைப்படி சோதித்துச் சான்றளிக்கப்பட்டது. அளவுமானியில் பழுது இருக்க வாய்ப்பு அதிகம். ஆறாம் அறையின் வெப்ப அமைப்பில் எந்த மாற்றமும் செய்ய வேண்டாம். கட்டுப்பாட்டுப் பெட்டி பூஜ்யத்துக்குக் கீழே நின்றுவிடும். ஓடும் நிரலைத் திருத்த இயலாது. ஒரு முழுச் சுற்று முடிந்தால்தான் புதிய நிரல் ஏறும். பொறுத்திருக்கவும்.”

பெட்டியைப் பற்றி அவர் சொல்வது சரி. ஓடும் நிரலைப் பற்றியும் சரி. முடியாத சுற்று முடியட்டும் என்று பொறுத்திருக்கச் சொல்கிறாரே, அது மட்டும்தான் தவறு. மூன்றாம் அறைச் சுவரில் பனி பூத்திருக்கிறதாம். அது அளவுமானியின் பழுது அல்ல.

நிரல் ஒவ்வொரு முறையும் அறைக்குள் வந்ததும் எத்தனை ஹீட்டர் செருகியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறது. நான்கு இருந்தால் எண்ணி ஐந்தில் நின்று, ஆறுக்குப் போகிறது. ஒன்றே ஒன்று இருந்தால்? இரண்டில் நிற்கும். ஒன்று கூட்டினால் மூன்று.

மூன்று ஹீட்டர்களின் செருகிகளைப் பிடுங்கினேன்.

ஜெசிந்தா: “அக்கா! எரியுது! நாலும் எரியுது! என்ன செஞ்சீங்க?”

தவசி, எங்கோ பின்னால் இருந்து: “யக்காவ் பிளக்கப் புடுங்கியிருக்கும். வேற என்னத்தச் செய்யும்?”

அதேதான் செய்தேன். தலைமை நிலையத்துக்குத் தெரிவித்துவிட்டேன். அனுமதி கேட்கவில்லை, தகவல்தான் சொன்னேன்.

பதிவு 616
நாள் 203, இரவு 8:00. அறை 3: 8. அறை 6: 14.

இப்போது முறை இது. பிடுங்கியே வைத்திருந்தால் பெட்டி உறைந்துபோகும். பிறகு நால்வருக்கும் ஒன்றுமில்லை. ஆகவே மூன்றையும் பிடுங்குகிறேன். நிரல் மூன்றாம் அறைக்கு ஒரு முறை போய் எழுப்பிவிட்டு வருகிறது. உடனே திரும்பச் செருகுகிறேன். அரை நிமிட வேலை. அவர்களுக்கு அரை மணி நேர வெப்பம். அது அணைவதற்குள் மறுபடி.

தானாக இதைச் செய்ய ஒரு ரிலே போதும். ரிலேக்கள் இரண்டாம் அறைக் கிடங்கில் இருக்கின்றன, பனிச்சுவருக்கு அப்பால். நிரலில் ஓடாமல் நின்ற வெளிச் சுற்று இனி நான்தான்.

பதிவு 619
நாள் 204, பகல் 2:00. அறை 3: 15. அறை 6: 18.

தலைமை நிலையம் பிழையை ஒப்புக்கொண்டது. ‘ஆறாம் அறைப் பணியாளரின் முன்முயற்சி கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று ஒரு வாக்கியம். அண்டை நிலவிலிருந்து மீட்புக் கலம் புறப்பட்டிருக்கிறது. வந்துசேர ஒன்பது நாள்.

ஒன்பது நாளுக்கு ஒருத்தி அரை மணி நேரத்துக்கு மேல் தூங்காமல் இருக்க முடியுமா என்று ஜெசிந்தாவிடம் கேட்டேன்.

“மருத்துவராச் சொல்லணுமா, தங்கச்சியாச் சொல்லணுமா?”

“தங்கச்சியா.”

“முடியும்க்கா.”

“மருத்துவரா?”

இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை தொலைபேசியில் கூப்பிட்டு எழுப்புவதாகச் சொன்னாள். மூவரும் முறை போட்டுக்கொண்டார்கள்.

பதிவு 624
நாள் 205, காலை 11:15. அறை 3: 16. அறை 6: 17.

தவசியின் முறை வந்தால் சினிமாக் கதை சொல்கிறான். கதையில் யாரும் சாவதில்லை. வில்லன்கூடத் திருந்தி மளிகைக்கடை வைக்கிறான். அண்ணாச்சி முறை என்றால் திட்டு. “ஏட்டி, கண்ண மூடுன, பனியப் பேத்துக்கிட்டு வந்து அறைவேன்.” ஜெசிந்தா பேசுவதில்லை. ஜெபம் சொல்கிறாள். அதில்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. சொன்னால் வருத்தப்படுவாள், சொல்லவில்லை.

மூன்றாம் செருகியின் ஊசி கறுத்துவிட்டது. பிடுங்கும்போது பொறி பறக்கிறது.

பதிவு 629
நாள் 206, மாலை 3:50. அறை 3: 12. அறை 6: 17.

இரண்டாம் செருகியை எடுப்பதற்குப் பதில் பக்கத்துப் பலகையிலிருந்து பம்பின் செருகியை எடுத்துவிட்டேன். கவனிக்கச் சிறிது நேரமாயிற்று. எழுத்துகள் திரையில் நகர்கின்றன. நான் எழுதும் வேகத்துக்கு அல்ல, தம் இஷ்டத்துக்கு.

பதிவு 631
நாள் 207, காலை 9:30. அறை 3: கழித்தல் 4. அறை 6: 21.

தூங்கிவிட்டேன்.

தொலைபேசி அடித்திருக்கிறது. காதுக்கு ஒரு சாண் தூரத்தில். நான் கேட்கவில்லை. மூவரும் மாறி மாறிக் கத்தியிருக்கிறார்கள். ஐந்து மணி நேரம். என் அறை முழுதும் இதமான வெப்பம்.

தவசி பேசவில்லை. நாடித்துடிப்பு மெலிந்திருக்கிறது என்றாள் ஜெசிந்தா. அவனை நடுவில் போட்டு இருவரும் ஒட்டிப் படுத்திருந்தார்களாம்.

அண்ணாச்சி திட்டவில்லை. “எந்திரிச்சிட்டியாம்மா” என்று மட்டும் கேட்டார். அவர் திட்டியிருக்கலாம்.

இது தொடராது. ஒன்பது நாள் என்று யாரோ போட்ட கணக்கில் என் தூக்கம் சேர்க்கப்படவில்லை. நான் இந்தச் சுற்றை உடைக்கப் போகிறேன்.

பதிவு 632
நாள் 207, முற்பகல் 11:40. அறை 3: 5. அறை 6: 18.

கணக்கு எளிது. ஆறாம் அறையில் எட்டு ஹீட்டர் இருந்தால் எண்ணி ஒன்பதில் நிற்கும். ஒன்று கூட்டினால் பத்து. ஒன்பதைத் தாண்டிவிட்டது, எல்லா அறையும் முடிந்ததென்று வெளிச் சுற்று நின்றுவிடும். நின்றால் புதிய நிரல் ஏறும்.

ஹீட்டர்களின் செருகு பலகையில் பத்துத் துளைகள் இருக்கின்றன. அதில் செருகி மின்சாரம் இழுக்கும் எந்தப் பொருளும் நிரலுக்கு ஹீட்டர்தான். என்னிடம் உள்ளவை: தேநீர்க் கெட்டில், பற்றவைப்புக் கோல், பம்பின் பனி நீக்கி, என் சூடேற்றும் உள்ளங்கி. நான்கும் நான்கும் எட்டு.

புதிய நிரலை நானே எழுதினேன். மாற்றம் ஒரு சொல்தான்: உள் சுற்றில் ‘எண்ணி’ என்று இருந்த இடத்தில் ‘இரண்டாவது எண்ணி’. அதைச் சேமிக்கப் போனபோது பெட்டி மறுத்துவிட்டது. நினைவகத்தில் மூன்று இடம் இல்லை.

தலைமை நிலையத்திடம் கேட்டேன்: எதை எடுத்துவிட்டு இடம் உண்டாக்கலாம்?

பதிவு 633
நாள் 207, பகல் 1:25. அறை 3: 11. அறை 6: 18.

குலோத்துங்கனின் பதில்: “விடுவிக்கத்தக்க இடம் ஏதுமில்லை. சுற்றை முடிக்க முயல வேண்டாம். முடிந்து, புதிய நிரல் ஏறாமல் போனால் இரு அறைகளுக்கும் வெப்பம் நிற்கும். இப்போதைய முறையையே தொடரவும். ஓய்வு எடுத்துக்கொள்ளவும்.”

எப்போது ஓய்வு எடுப்பது என்று அவர் சொல்லவில்லை.

அதே அலைவரிசையில், அவர் செய்தி முடிந்த சில நிமிடங்களில், இன்னொரு குரல். சின்னப் பெண், மூச்சு வாங்கியது: “மேடம், உள் சுற்று நான் எழுதினது. ஓர் அறைக்குன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க, சுத்தி இன்னொண்ணு வரும்னு சொல்லல. இடம் ஒண்ணு இருக்கு. பதிவேட்டோட பதிவு எண் இருக்குல்ல, அதுவும் ஒரு எண்ணிதான். அத எடுத்துட்டா உங்க நிரல் ஏறும். ஆனா அதுக்கப்புறம் ஒரு வரிகூடப் பதிய முடியாது. அதனாலதான் இவங்க சொல்லல. நான் சொன்னேன்னு யார்கிட்டயும்...” அங்கே நின்றுவிட்டது.

பெயரும் சொல்லியிருந்தாள். அதை நான் எழுத மாட்டேன். விசாரணைக் குழு இதைப் படித்தால், என் காதில் விழவில்லை என்று வைத்துக்கொள்ளட்டும்.

பதிவு 634
நாள் 207, மாலை 3:15. அறை 3: 13. அறை 6: 17.

பதிவு எண்ணியை எடுக்கப் போவதாகத் தலைமை நிலையத்துக்குச் சொல்லியிருந்தேன். பதில் வந்துவிட்டது: “பதிவேடு எந்நிலையிலும் நிறுத்தப்படக் கூடாது. பணியாளர்கள் உயிரிழக்க நேர்ந்தால், நடந்ததை அறிய அது ஒன்றே சான்று. இது ஆணை.”

நாங்கள் செத்தபின் படிப்பதற்கு அவர்களுக்கு ஒரு புத்தகம் வேண்டும். அது முழுமையாக இருக்க வேண்டும். அதற்காக நாங்கள் சாகலாம்.

நான் அனுப்பிய பதில், முழுவதும்: “ஆணை கிடைத்தது. கீழ்ப்படியவில்லை. சண்பகவல்லி.”

உயிர் நால்வருடையது, ஆகவே அவர்களையும் கேட்டேன். நிரல் ஏறாவிட்டால் இரண்டு அறைகளுக்கும் வெப்பம் இல்லை. என் உள்ளங்கியும் உடம்பில் இல்லாமல் செருகு பலகையில் இருக்கும். ஏறினால் முதல் அறையிலிருந்து ஒழுங்காகப் போகும், நான் தூங்கலாம்.

ஜெசிந்தா: “இன்னொரு தடவ நீங்க தூங்குனா தவசி தாங்க மாட்டான்க்கா. நீங்க தூங்கத்தான் போறீங்க. தப்பில்ல, ஒடம்பு அப்பிடித்தான். செய்யுங்க.”

அண்ணாச்சி: “அவங்க ஆணையக் கொண்டு குளிர் காயட்டும். செய்யி.”

தவசியின் குரல், காற்றைப் போல: “யக்கா... பொஸ்தகத்துல உப்புமாவப் பத்தி எழுதியிருக்கியா?”

“எழுதியிருக்கேன்.”

“அப்ப அந்தப் பொஸ்தகம் போவட்டும்.”

பதிவு 635
நாள் 207, மாலை 3:50. அறை 3: 13. அறை 6: 16.

கெட்டில் செருகியாயிற்று. ஐந்து. நிரல் ஏழாம் அறைக்கு ஒரு முறை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. பற்றவைப்புக் கோல். ஆறு. இப்போது எட்டாம் அறைக்கு. பனி நீக்கி. ஏழு. ஒன்பதுக்கு. யாருமில்லாத அறைகளில் விளக்கு எரிகிறது. உள்ளங்கியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறேன். விரல்கள் எழுத்துகளின் மேல் சரியாக விழவில்லை. பிழைகளைத் திருத்தவில்லை, பெட்டிதான் திருத்துகிறது.

இந்தப் பதிவை எடுத்துப் படிப்பவருக்கு.

இதற்குப் பின் பதிவு இருக்காது. 636 வராது. அதை நாங்கள் இறந்ததற்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம். பிழைத்ததற்கும் இது சான்றல்ல. பதிவு எண்ணியை ஹீட்டர்களுக்குக் கொடுத்தேன் என்பதற்கு மட்டும் சான்று. இரண்டு வேலைக்கும் அந்த ஒரே எண்ணியை வைத்துக்கொண்டு, எழுதவும் எழுதலாம், எரியவும் எரியட்டும் என்று சமாளிக்கப் பார்த்திருக்கலாம். அந்தச் சிக்கனத்தால்தான் இங்கே இருக்கிறோம். ஒரு எண்ணி ஒரு வேலை. நான் மூன்றாம் அறையைத் தேர்ந்தெடுத்தேன்.

இதைத் தவறு என்று சொல்ல விரும்புகிறவர்கள் நேரில் வந்து சொல்லட்டும். கதவைத் தட்டட்டும். திறக்க ஆள் இருக்கும்.

கடைசி வார்த்தை என்று எதுவும் எழுதப்போவதில்லை. அதற்கெல்லாம் நேர

அண்ணாச்சி கூப்பிடுகிறார்: “ஏட்டி வல்லி, எழுதுனது போதும். எட்டாவதச் சொருகு.”

சொருகுகிறேன்.